இன்றிரவு நெடுந்தேரியில் தூங்குகிறவர்கள்

1. பூட்டுகள்

அந்தப் போட்டோ ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. ஒரு தெரு, இரண்டு பக்கமும் நல்ல பெயின்ட் அடித்த வீடுகள், எல்லாக் கதவிலும் பூட்டு. கீழே கிளையன்ட் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘நீங்கள் சொன்ன ஜனங்கள் எங்கே?’

மும்பை விக்ரோலியில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் நான் டவுன் புரொஃபைல் எழுதுகிறேன். பேங்க்கோ ஆஸ்பத்திரியோ ஒரு சிறு நகரத்தில் கிளை திறக்க நினைத்தால், அந்த ஊரின் நிலம், வரலாறு, ஜனத்தொகை மூன்றையும் சில பக்கங்களில் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் இதை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நானே சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் கேட்டால் வாய் சும்மா இருக்காது. நெடுந்தேரி கதையைச் சொல்லிவிடுவேன்.

நெடுந்தேரி, திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு குட்டி நகராட்சி. என் அப்பாவின் ஊர். டயாலிசிஸ் சென்டர் நடத்தும் ஒரு கிளையன்ட் தெற்கே இடம் தேடுகிறார்கள் என்றதும் அந்தப் பெயரை லிஸ்ட்டில் சேர்த்தது நான்தான். காரணம் சுடலை அண்ணாச்சியின் அம்மா. அண்ணாச்சி தாராவியில் லெதர் பேக் பட்டறை வைத்திருக்கிறார். மும்பையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அம்மா ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போய்வர வேண்டும். திரும்பும்போது உட்காரத் தெம்பில்லாமல் பக்கத்து சீட்காரர்மேல் சாய்ந்துவிடுவாராம்.

நிலமும் வரலாறும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேற்கே குளம், கிழக்கே செம்மணல் தேரி, நடுவில் ஒரே மெயின் ரோடு. குளம் நிறைந்தால் வாழை, நிறையாவிட்டால் பனை. கருப்பட்டிச் சந்தையால் வளர்ந்த ஊர். குளம் வற்றிய காலங்களில் ஆட்கள் தாராவித் தோல் பட்டறைகளுக்கு ரயில் ஏறினார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதினேன். ஜனத்தொகைக்குத்தான் சரியான ஆதாரம் இல்லை. அரசாங்கக் கணக்கு பழசாகியிருந்தது. கோயில் கமிட்டிக்கு போன் போட்டு எத்தனை தலைக்கட்டு என்று கேட்டேன். பளிச்சென்று சொன்னார்கள். வீட்டுக்கு இத்தனை பேர் என்று பெருக்கினேன். கிளையன்ட் வைத்திருந்த குறைந்தபட்ச ஜனத்தொகையை ஊர் அலட்சியமாகத் தாண்டியது. அதை நம்பி ஊரைப் பார்க்கப் போன அவர்களுடைய ஆள் எடுத்ததுதான் அந்தப் போட்டோ.

2. வைதேகி மேடம்

என் மேலதிகாரி வைதேகி மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஜனத்தொகைக்கு நான் காட்டியிருந்த ஆதாரத்தைப் படித்தார்.

“தலைக்கட்டுன்னா என்ன?”

விளக்கினேன். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கட்டிவிட்டால் போதும், எங்கே குடியிருந்தாலும் ஊரில் பெயர் நிற்கும்.

“உங்கப்பா அதுல ஒரு தலையா?”

“ஆமா மேடம்.”

“நேத்து ராத்திரி எங்கே தூங்கினார்?”

“தாராவில.”

“அப்போ நீயும் நெடுந்தேரில குடியிருக்கறதா எழுதியிருக்கே, இசக்கி.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டிஃபன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, கிளையன்ட்டிடம் ஒரு வாரம் டைம் வாங்கித் தந்தார்.

3. தெரு வரிசையில் நின்றது

ஞாயிற்றுக்கிழமை சங்க ஹாலில் கூட்டம் கூட்டினேன். ஹால் என்றால் அண்ணாச்சி பட்டறையின் மாடிதான். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“ஊர்ல ஆளில்லன்னு எழுதப் போறியாட்டி? ஆளு கொறஞ்சா அவன் வருவானா? எங்கம்மை பஸ்லயே கெடந்து சாகணுமா?”

“கூட்டி எழுதினா போட்டோ எடுத்து அனுப்புறான் அண்ணாச்சி. இருக்கறவங்க யாருன்னு சொல்லிப் பாப்போம்.”

எல்லோரையும் தெருவாரியாக நிற்கச் சொன்னேன். குளத்துத் தெரு மேற்கு ஜன்னல் பக்கம், தேரித் தெரு கிழக்குச் சுவர் ஓரம், நடுவில் மெயின் ரோடு. ஊரில் வீடு இருக்கும் அதே வரிசையில் நிற்க வேண்டும். உடனே சண்டை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு யாருடையது என்று அண்ணனும் தம்பியும் மோதிக்கொண்டார்கள். வேலித் தகராறில் பேச்சை நிறுத்திய இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க வேண்டியதாகி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மாடியில் நெடுந்தேரி வந்து நின்றுவிட்டது. எம்.ஏ. ஜியாகிரஃபியில் இப்படி ஒரு மேப்பை நான் வரைந்ததில்லை.

பிறகு ஒவ்வொருவரும் ஊருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இன்றைக்கு ராத்திரி வீட்டில் யார் படுப்பார்கள்?

“நானும் ஒங்கப்பாவும்.”

“நான் மட்டுந்தாம்ல.”

“யாரு இருக்கா? நானும் கோழியும்.”

முதலில் சிரித்தார்கள். பாதித் தெரு தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டிய வீட்டுக்காரர்கள் போனைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். கடைசியில் அண்ணாச்சி அவருடைய அம்மாவுக்கு போன் போட்டார்.

“நான்தாம் படுப்பேன். ஏம்ல, வாரியா?”

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஊரில் போனை எடுத்த குரல்களில் ஒன்றுகூட இளசு இல்லை. வீட்டில் சர்க்கரை, பிரஷர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டேன். எல்லாத் தெருவிலும் கை உயர்ந்தது.

ஜனத்தொகைப் பகுதியைப் புதிதாக எழுதினேன்: ‘இந்த ஊரின் இளமை மும்பையில் இருக்கிறது. ஊரில் தங்கியிருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், சிகிச்சைக்கு பஸ்ஸில் போகிறவர்கள்.’ வைதேகி மேடம் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

4. கூட்டம்

கிளையன்ட்டின் ஆள் மறுபடியும் ஊருக்குப் போனார். இந்த முறை பூட்டாத கதவுகளைத் தட்டினார். ஜனத்தொகை அவர்கள் வரம்புக்குக் கீழேதான். ஆனாலும் பழைய கருப்பட்டிச் சந்தைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு சென்டர் திறந்தார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் எந்த ஊரும் போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்லும். அது பொய் இல்லை, பாசம். ராத்திரி யார் படுப்பார்கள் என்று கேளுங்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

ஊரைச் சிறுசாக்கிவிட்டேன் என்று அண்ணாச்சி கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம், நான் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அவரே போன் செய்தார்.

“ஏட்டி இசக்கி, எங்கம்மை பொலம்புதா. சென்டர்ல வெளியூர்க்காரன்லாம் முன்னால வந்து உக்காந்துகிடுதானாம், இவளுக்கு எடமில்லையாம்.” பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னார்: “நெடுந்தேரில கூட்டமாம்டி.”