வேலிக்கு வெளியே நடந்தவள்

நீர்த்தேக்கத்தின் வாசலில் இருபத்தெட்டு வருடம் காவல் காத்த மனிதரை ஊரே ‘பூட்டு’ என்றுதான் கூப்பிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கிடைத்தது போல நிமிர்ந்து நிற்பார். அடையாள அட்டையை மறந்து வந்த இன்ஜினியரையே அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தியவர். ஒருமுறை வேலி இடுக்கில் ஆடு புகுந்துவிட்டது. துரத்திவிட்டு வந்து, வருகைப் பதிவேட்டில் ‘ஆடு ஒன்று, அனுமதியின்றி’ என்று எழுதி, வெளியேறிய நேரத்தையும் குறித்து வைத்தார். இப்படிப்பட்டவரோடு ஒருத்தி எப்படித்தான் குப்பை கொட்டினாள் என்று கேட்கத் தோன்றும். சிரித்துக்கொண்டேதான் கொட்டினாள்.

வாசலுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் வீடு. சமையலறை ஜன்னலிலிருந்து கரை தெரியும், தண்ணீர் தெரியாது. மதியச் சாப்பாட்டை அவள் கேட் கம்பிகளுக்கு நடுவே நீட்டுவாள், அவர் உள்ளே நின்று வாங்கிக்கொள்வார். நம் இருவரில் ஜெயிலில் இருப்பது யார் என்று கேலி செய்வாள்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

“கரைமேல நடந்துக்கட்டுமா? அங்க வண்டி தொல்லை இல்ல. உங்க கண்ணு முன்னாடியேதான் நடப்பேன்” என்று கேட்டாள்.

“என் பொண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?”

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த இரண்டு முழப் புல்தரையில் நடக்கத் தொடங்கினாள். அவர் காலையில் வேலியோரம் சுற்றிவரும் நேரம் பார்த்து வருவாள். உள்ளே அவர், வெளியே அவள். மகளின் வேலை, ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஒன்று விடாமல் பேசிக்கொண்டே நடப்பார்கள். நான்கு வருடத்தில் புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்தது. உள்ளதைச் சொன்னால், அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டமும் கெடவில்லை, மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

மழை விட்ட ஒரு காலையில் தடம் சேறாகிக் கிடந்தது. குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓரடி விலகி ரோட்டில் கால் வைத்தாள். பின்னால் லாரி வந்தது. அவர் வாசலுக்கு ஓடி, பூட்டைத் திறந்து, சுற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து நீர்த்தேக்க நிலத்தை மக்களுக்குத் திறந்துவிட முடிவாயிற்று. கரை நெடுக நடைபாதையும் பெஞ்சுகளும் போட்டார்கள். ‘வாகனத் தொல்லையின்றி நடக்க’ என்று பலகை எழுதினார்கள். திறப்புக்கு முந்தின நாள் அதை மாட்டும்போது, என் வீட்டுக்காரியும் இதைத்தான் கேட்டாள் என்றார் பூட்டு. அன்று வெயிலில் நின்ற அதே இன்ஜினியர் அவரையே பார்த்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்.”

கேட்டிருக்கலாம். யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவர் என்ற பெயருக்காக அவர் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? அந்த வீம்புக்கு விலை கொடுத்தவள் அவளல்லவா? எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் அன்று அவர் பலகையின் கீழேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கோபத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் காலை அவரைக் கொண்டே கேட்டைத் திறக்க வைத்தார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். மகளும் வந்திருந்தாள். அம்மா போனதிலிருந்து அவரிடம் அளந்துதான் பேசுகிறாள். கரையில் சற்றுத் தூரம் நடந்தவள், அப்பாவைக் காணாமல் திரும்பிப் பார்த்தாள். அவர் வேலிக்கு வெளியே, புல் மூடிப்போன தடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

வேலியோரம் இறங்கி வந்து, “அதான் திறந்தாச்சே, உள்ள வாங்கப்பா” என்றாள்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியிலேயே நடந்தார். வேறு வழியில்லாமல் அவளும் உள்ளே கூடவே நடந்தாள். ஒரு தூணருகே அவர் நின்றார். எந்த இடம் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

“நீ நிக்கிற இடத்துலதான் நான் நின்னேன்” என்றார். “இந்தக் கம்பி மட்டும் இல்லேன்னா, கையைப் பிடிச்சு இழுத்திருப்பேம்மா.”

மகள் கம்பிக்கு நடுவே கையை விட்டாள். அது அவர் தோளுக்கு எட்டியது.