பின்னணி இசையாக இருந்த மெட்டு

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், எங்கள் வீட்டு ஹாலில் ஒரே மெட்டை நான்கு மாதம் கேட்டிருக்கிறேன். மகள் கல்லூரி ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தாள். டிசம்பர் கச்சேரிக்கு அந்த மெட்டுதான். அதன் வரலாற்றையும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

எனக்கு ஜாஸ் பிடிக்காது. ஆரம்பித்த இடத்தை மறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போவார்கள். "இது முதல்ல எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டேன்.

"சினிமாப்பா. வெறும் பேக்ரவுண்ட் மியூசிக். லிரிக்ஸ்கூட அப்புறமாத்தான் ஆட் பண்ணாங்க."

ஒரு சனிக்கிழமை மதியம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பார்த்தோம். ஒருத்தி ரயிலுக்குக் காத்திருக்கிறாள். பின்னால் மெட்டு வருகிறது. அதன் மேலேயே இரண்டு பேர் பெட்டி தொலைந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். படம் ஓடல. யாரோ ஒருத்தர் கிளப்ல ட்ரம்பெட்ல வாசிச்சார். அப்புறம் எல்லாரும் வாசிச்சாங்க. இப்ப படம் யாருக்கும் ஞாபகம் இல்ல. மெட்டை மட்டும் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்னு, இந்த ஊர்ப் பாட்டுன்னே சொல்றாங்க."

எங்கிருந்து வந்தாய் என்று அந்த மெட்டிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மெட்டைப் பார்த்து வயிறெரியும் நிலைக்கு வந்துவிட்டேன்.

மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள். அவளுடைய விசா என் விசாவோடு ஒட்டியது, இருபத்தொரு வயது ஆனதும் செல்லாது. எங்கள் கிரீன் கார்டு வரிசை நகர்வதே இல்லை. ஒரே ஒரு முறை, சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில், நகர்ந்தது. உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று வக்கீல் படிவங்களை அனுப்பினார். அனுப்பியிருந்தால் அவள் வயது அந்தக் காகிதத்தில் அப்படியே நின்றிருக்கும்; இருபத்தொன்றைத் தாண்டினாலும் எங்களோடு அவளுக்கும் கார்டு கிடைத்திருக்கும்.

"மார்கழில எதுக்கு? தை பொறக்கட்டும், மொத நாளே போட்டுடலாம்" என்றேன்.

"இதுக்கெல்லாமா நாள் பாப்பாங்க?" என்றாள் மனைவி.

பார்த்தேன். பகலெல்லாம் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவன், நாள் பார்த்தேன். ஜனவரியில் வரிசை பின்னுக்குப் போய்விட்டது. பிறகு திரும்பவே இல்லை. கடைசியில் மாணவர் விசாவுக்கு முயன்றோம், அதையும் மறுத்துவிட்டார்கள். வருகிற ஜனவரியில் அவளுக்கு இருபத்தொன்று.

கச்சேரியில் நன்றாகவே வாசித்தாள். நடுவில் மெட்டை விட்டு விலகி எங்கெங்கோ போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண்மணி, "சூப்பரா வாசிக்கறா! மாஸ்டர்ஸும் இங்கதானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிறந்தநாளுக்குள் அவள் இந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சென்னையில் என் தங்கை வீட்டில் ஓர் அறை இருக்கிறது. மகளுக்குத் தமிழ் சரியாகப் படிக்கத் தெரியாது. வீட்டில் வாசித்துப் பழகிய கீபோர்டை அவள் எடுத்துப் போகவில்லை.

டிக்கெட் கிடைத்தது ஒரே ஒரு நாளைக்குத்தான். சமையலறையில் தொங்கும் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். மார்கழி, அதிலும் அஷ்டமி. யாரிடமும் சொல்லாமல் பெட்டிகளைக் காரில் ஏற்றினேன்.