கீழ்வீட்டுக் கோடை

எண்பதுகளின் நடுவில், நாங்கள் அகதிகளாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்த முதல் வருடம் நடந்தது இது. திருகோணமலை வெயிலில் வளர்ந்த எனக்கு, வீட்டைச் சூடாக்கவும் காசு கட்ட வேண்டும் என்பதே இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

மொன்றியலில் அப்போது வாடகை மலிவு. ரொறன்ரோவில் ஓர் அறைக்குக் கொடுப்பதைக் கொடுத்தால் இங்கே முழு வீடே கிடைக்கும். ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். அன்று தெருவோரத்தில் விட்டுப்போன மேசை, கதிரை, கட்டில் எல்லாவற்றையும் நானும் என்னவரும் சுமந்து வந்து வீட்டை நிரப்பினோம். வீடு பார்த்தபோது வீட்டைச் சூடாக்கும் செலவு சேர்ந்த வாடகை ஒன்று, அது சேராத குறைந்த வாடகை ஒன்று என்று இரண்டு விதமாகச் சொன்னார்கள். வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற நான், "வெக்கைக்கும் ஆராவது காசு குடுப்பினமே?" என்று சிரித்து, மலிவானதையே எடுக்க வைத்தேன். என்னவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். மிச்சம் பிடிப்பதெல்லாம் ஊரில் அகப்பட்டிருந்த என் தம்பியை வெளியே எடுப்பதற்கு. அதனால் ஒரு விளக்கு வீணாக எரிந்தாலும் எனக்குப் பொறுக்காது.

ஒக்டோபரில் மகள் பிறந்தாள், நாளுக்கு முன்பே. இரண்டு கைக்குள் அடங்கும் பிள்ளை. குளிர் படவே கூடாது என்று தாதி சைகையால் நடித்துக் காட்டி அனுப்பினார். நானும் பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, மூன்று போர்வை என்று சுற்றி வைத்தேன். சுவரோரம் ஓடிய ஹீற்றரை மட்டும் ஆகக் குறைவில் விட்டிருந்தேன். என்னவர் கூட்டி வைத்தால் அவர் வேலைக்குப் போனதும் நான் குறைத்துவிடுவேன்.

டிசம்பரில் ஒரு காலை யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டில் தனியாக இருந்த பெண். ஐம்பது வயதிருக்கும், தையல் தொழிற்சாலையில் வேலை, பிரெஞ்சு மட்டுந்தான் பேசுவார். பிள்ளை என் தோளில் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார், சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து குனிந்து ஹீற்றரைத் தொட்டுவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது 'பெபே', குழந்தை, என்ற ஒரு சொல்தான். பிள்ளை அழுவது தொந்தரவு என்று முறையிட வந்திருக்கிறார் என்று நினைத்து, "சொறி, சொறி" என்று அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"இனிப் பிள்ளை அழுதா வீட்டுக்காரனுக்குச் சொல்லிப்போடுவா பாருங்கோ" என்று என்னவரிடம் பொருமினேன்.

அன்றைக்குத்தான் நான் ஜன்னல் இடுக்கெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டி, கதவுக்கடியில் பழைய சேலைகளைத் திணித்திருந்தேன். மறுநாள் எழும்பினால் வீடு இதமான சூடு! நிலம்கூடக் குளிரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹீற்றரை அடியோடு நிற்பாட்டியும் பார்த்தேன், சூடு குறையவில்லை. ரொறன்ரோவில் இருந்த என் மச்சாளுக்கும் மொன்றியலில் தெரிந்த ஆட்களுக்கும் தொலைபேசி எடுத்து என் கெட்டித்தனத்தை அளந்தேன். நகரத்தின் மறுபக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் நான் சொன்னபடி ஒட்டிவிட்டுக் குளிரில் விறைத்ததாம். "அவை ஒழுங்கா ஒட்டியிருக்கமாட்டினம்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

ஜனவரியில் கடிதம் எடுக்கக் கீழே போனபோது அந்தப் பெண்ணின் கதவு திறந்து கிடந்தது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே அவர் கையில்லாத மெல்லிய சட்டையோடு மேசைக் காற்றாடிக்கு முன்னால் இருந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"விசர் மனுசி! இந்தப் பனிக்கை ஆரும் காத்தாடி போடுவினமே?" என்றேன் என்னவரிடம்.

"குளிர் தேசத்து ஆக்களப்பா, அவைக்கு இது குளிரே இல்லை" என்றார் அவர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பெப்ரவரியில் ஒரு நாள் வீடு திடீரென்று குளிர்ந்தது. பிளாஸ்ரிக் கழன்றுவிட்டதாக்கும் என்று நாள் முழுக்கத் திரும்ப ஒட்டினேன். மறுநாள் காலை பிள்ளையின் கை சில்லென்று இருந்தது. பால் குடிக்கவில்லை, உதட்டில் இலேசான நீலம். அழக்கூட இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஹீற்றரை முழுக்கத் திருகிவிட்டு, முழுக் கட்டடத்திலும் ஏதோ பழுது என்று நினைத்துப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கீழே ஓடினேன்.

அந்தப் பெண் அப்போதுதான் கையில் பையோடு கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் லொங்கேயில் இருக்கும் தங்கையிடம் இரண்டு நாள் போய் வந்திருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். பிள்ளையைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டுத் தன் கோட்டுக்குள் வாங்கிக்கொண்டார். அவருடைய வீடும் எங்கள் வீட்டைப் போலவே விறைத்துக் கிடந்தது. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த ஹீற்றர்க் குமிழைக் கடைசிவரை திருகினார்.

கொஞ்சம் கொஞ்சமாக அறை சூடேறியது. பிள்ளை முனகி, அழுது, பிறகு என்னிடம் பால் குடித்தது. நான் விம்மி விம்மி அழுதேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு முகட்டைக் காட்டினார். இரண்டு கையாலும் பிள்ளையைத் தாலாட்டுவது போல் ஆட்டினார். பிறகு குமிழைக் காட்டி, கையால் தனக்கு விசிறிக்கொண்டு, நாக்கை வெளியே தள்ளிச் சிரித்தார். மேசையில் அந்தக் காற்றாடி நின்றது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் வீட்டுச் சூடுதான் முகட்டைத் தாண்டி எங்களிடம் ஏறி வந்திருக்கிறது. என் பிளாஸ்ரிக் இல்லை.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. என் பிள்ளைக்கு நான் கொடுக்காத சூட்டை, நான் விசர் என்று சிரித்த ஒருவர் இரண்டு மாதமாகத் தன் உழைப்பில் கொடுத்திருக்கிறார். தம்பியை எடுக்க வேண்டும் என்ற நினைப்பில், மடியில் கிடந்த பிள்ளையிடமே மிச்சம் பிடித்திருக்கிறேன்.

பிள்ளையை வைத்தியரிடம் காட்டினோம், பயமில்லை என்றார். என்னவர் அந்தப் பெண்ணுக்குக் காசு கொடுக்கப் பார்த்தார். அந்தப் பெண்ணோ காசோடு நீண்ட என்னவரின் கையை மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று பின்னேரம் எங்கள் வீடு எங்கள் ஹீற்றரிலேயே நன்றாகச் சூடேறியதும், நான் அவரை மேலே கூட்டிவந்து ஹீற்றரைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு அவரோடு கீழே போய், அவர் வீட்டுக் குமிழை என் கையாலேயே குறைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் அலுமாரியைத் திறந்து கம்பளிச் சுவெற்றர் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வீட்டுக்குள் சுவெற்றர் போட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

அந்த நாளில் மொன்றியல் எவ்வளவு மலிவு என்று பழைய ஆட்கள் கூடினால் இன்றும் கதைப்பார்கள். நானும் ஓம் என்று தலையாட்டுவேன், ஆனால் என் மகள் உயிரோடு வளர்ந்த அந்த மலிவுக்காகக் கீழ்வீட்டில் ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்காமல் இன்றுவரை ஒரு ஹீற்றரையும் என்னால் தொட முடிவதில்லை.