கம்ப்யூட்டரில் ஏறாத நண்டுக் குழம்பு

எண்பதுகளின் கடைசியில் பொன்னேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு நன்கொடையில் அங்கே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வந்தேன். குப்பத்துக்கு ஒரு டைரக்டரி, அதாவது ஒரு பெட்டி மாதிரி, அதற்குள் குடும்பத்துக்கு ஒரு ஃபைல் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சேற்றில் தடவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற முப்பது குடும்பங்கள் மட்டும் எந்தக் குப்பத்திலும் சேராமல் கரையோரம் சிதறி இருந்தன. அவர்களுடைய ஃபைல்களை எந்த டைரக்டரியிலும் போடாமல் வெளியே விட்டுவைத்தேன்.

அடுத்த மாதம் புயல் அடித்தது. யாரும் ஏரியில் இறங்க முடியவில்லை. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுக்க முடிவானது.

"குப்பங்களோட பட்டியலை மட்டும் எடுங்க தம்பி. அதை வச்சு டோக்கன் போட்டுடலாம்" என்றார் மேலாளர்.

பட்டியல் கேட்கும் கட்டளையான ls-ஐ மட்டும் அடித்தால் டைரக்டரியும் ஃபைலும் கலந்து கொட்டும். நானா விடுவேன்? ls -l | grep '^d' என்று அடித்தேன். அந்தப் பட்டியலில் டைரக்டரிகளின் வரி d என்ற எழுத்தில் தொடங்கும்; grep அந்த வரிகளைச் சலித்தெடுக்க, அவை மட்டும் வந்து நின்றன. அடடா, என்ன அழகு! அந்தந்தக் குப்பத்தில் இருந்த குடும்பங்களுக்கெல்லாம் டோக்கன் அச்சானது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கோட்டைக்குப்பத்தில் அரிசி லாரி நின்றது. நண்டு போடும் ஓலைக் கூடையோடு ஒரு பெண்மணி என் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் அந்த முப்பது குடும்பமும் நின்றது. ஒருவரிடமும் டோக்கன் இல்லை.

"கம்ப்யூட்டர்ல உங்க பேர் வரலையேம்மா."

"இன்னா சார், போன மாசம் எங்க ஊட்டாண்ட குந்திக்கினு அல்லார் பேரும் எழுதிக்கினு போனியே?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

"அப்போ நண்டுக் கொழம்பு ரெண்டு வாட்டி வாங்கித் துன்னியே, அதுனா கீதா அதுல?"

லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. அப்போதுதான் டைரக்டரிக்கு வெளியே விட்ட ஃபைல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. குப்பங்களை மட்டும் எடுத்ததில் விட்டுப்போய்விட்டது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"வலையில பூந்து போறதத்தான் சார் நாங்க கையால புடிக்கிறோம். நீயும் கையால எழுதிக்கோ" என்றார் அந்தப் பெண்மணி.

அவர் மூச்சுவிடாமல் முப்பது பெயரும் சொல்ல, நான் அந்த அழகான பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினேன். அடுத்த குப்பத்துக்குப் போகவிருந்த மூட்டைகள் இங்கேயே இறங்கின. மறுநாள் அந்தக் குப்பத்துக்குப் போய் ஏச்சு வாங்கியவனும் நான்தான்.

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, கேட்டதைக் கொடுத்தது. ஆனால் இன்றைக்கும் ஒரு பட்டியல் அழகாக வந்தால்தான் எனக்குப் பயம்; பசியோடு நிற்கிற யாரையோ விட்டுவிட்டுத்தான் அந்த அழகு வந்திருக்கும் என்று தோன்றும்.