பாடும் நடைக்கு ஜலதோஷம்

உதயசூரியன்கூடச் சுகிமொரி கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வரும். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் மசுயோ அத்தை திருப்பி அனுப்பிவிடுவாள். அப்புறம் ஜப்பான் முழுக்க இருட்டில் கிடக்க வேண்டியதுதான்.

கோயிலுக்கு வருகிற மனிதர்களுக்கோ சூரியனுக்கு இருக்கிற பணிவு கிடையாது. கீழே கழற்றுங்கள் என்றால் மேலே ஏறி நின்று கழற்றுவார்கள். கழிப்பறைக்கென்று வைத்த பச்சை ரப்பர் செருப்போடு நேராகப் புத்தர் முன்னால் போய்க் கும்பிடுவார்கள்.

"ஐயா, கொஞ்சம் காலைப் பாருங்க" என்பாள் மசுயோ.

அவர் காலைப் பார்ப்பார், புத்தரைப் பார்ப்பார், புத்தரிடம் மன்னிப்புக் கேட்பார். பாயைத் துடைப்பது மசுயோ.

போன வாரம் ஒரு காலையில் அந்தப் பச்சைச் செருப்புகள், பூசைக்கு வந்த பக்தர்கள் மாதிரி ஜோடி ஜோடியாகப் புத்தர் முன் நின்றன. தோஃபுக் கடைப் பையன் தெப்பெய்தான் என்று அவள் சாதித்தாள். ஆதாரம் கிடையாது. இதை எழுதுகிற தெப்பெய்யும் அதையேதான் சொல்கிறான்.

அவள் சிடுசிடுக்காத ஒரே இடம், செருப்பு அடுக்கை ஒட்டிப் போகும் பழைய மர நடை. கால் வைத்தால் பலகைக்கு அடியில் ஆணிகள் உரசி, 'கியூ கியூ' என்று கத்தும். அந்தக் காலத்தில் திருடனைக் காட்டிக்கொடுப்பதற்காகவே கட்டியது. 'ஹோ... ஹொகெக்யோ' என்று பாடும் உகுயிசுப் பறவையின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்.

"சாமிக்கு இன்னிக்கு முட்டி வலி" என்று, தலைமைத் துறவி நடக்கிற சத்தத்தை வைத்தே மசுயோ திரும்பிப் பார்க்காமல் சொல்வாள். வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை. இங்கே நாள் முழுக்க யாரோ வந்துகொண்டிருக்கும் சத்தம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. கோயிலுக்கு வாரி வழங்கும் குமெதா அங்கே வழுக்கி, உட்காரும் பாகம் வீங்க விழுந்தார்.

"கனமா ஒரு கம்பளம் விரிச்சிடலாம் சாமி. என் செலவு."

"கம்பளம் போட்டா சத்தமே கேக்காதுங்க!" என்றாள் மசுயோ.

யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத தலைமைத் துறவி, "ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க. பாடினா விட்டுடுவோம்" என்றார்.

ஞாயிறும் வந்தது. நவம்பர் மழை விடாமல் கொட்டியதில் மரம் ஊறிப் போய், நடை வாயே திறக்கவில்லை. மசுயோ குதித்தாள், மிதித்தாள். "வேண்டாத நேரமெல்லாம் கத்துவியே, இப்ப என்ன கேடு உனக்கு?"

குமெதா வந்தார். ஓட்டைக் காலுறைக்குள்ளிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்க்க, நாலடி நடந்தார். சத்தமே இல்லை.

"பறவை எங்கேம்மா? மூட்டை கட்டிடுச்சா?"

"மழைங்க. ஜலதோஷம் பிடிச்சிருக்கு."

"கம்பளத்துக்கு ஜலதோஷம் பிடிக்காது" என்று அவர் அடுத்த காலை வைத்தார்.

"ஹோ... ஹொகெக்யோ!"

குமெதா உறைந்து நின்றார். இன்னொரு அடி வைத்தார். "ஹோஓஓ... ஹொகெக்யோ!" அதன் வாலில் ஒரு பெரிய தும்மல்.

"அட! நிஜமாவே ஜலதோஷம்தான்!" குமெதாவின் கண் கலங்கிவிட்டது. "இதையா மூடப் பார்த்தேன்? கம்பளமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் சாமி."

அவர் தெரு முனை திரும்பும்வரை மசுயோ குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாயை வைத்தாள்.

"வசந்தத்துல பாடற பறவைடா அது. நவம்பர்ல எவன் வீட்டு உகுயிசு பாடுது? இந்த நடை பிறந்ததுலேர்ந்து 'கியூ'வைத் தவிர வேற பேசினது இல்ல. இனிமே வர்றவன் எல்லாம் என்கிட்ட ஹொகெக்யோ கேப்பான். தினம் வந்து கீழ கிடப்பியா?"

கீழேயிருந்து இன்னொரு தும்மல் வந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். "ஈரத்துல எவ்வளவு நேரமா கிடக்கறே, பைத்தியம்? மேல வா, சூடா டீ இருக்கு." எழுந்தவள், ஏதோ நினைவு வந்தவளாகச் சாதாரணமாகக் கேட்டாள்: "அந்தப் பச்சைச் செருப்பு, எட்டு ஜோடியையும் ஒரே ஆளாவா தூக்கிட்டு வந்தே?"

"ஏழுதான் அத்தை!" என்றது நடை.