கடலில் போட்ட தண்டவாளமும் அத்தை பிடித்த சீட்டும்

போன கோடையில், டெக்சாஸ் காப்பெலில் எங்களோடு ஆறு மாதம் இருந்த மாமியாரைக் கோவையில் கொண்டுபோய் விடப் புறப்பட்டோம். வழியில் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள் தங்கி, தெருவுக்குப் பதில் வாய்க்கால் ஓடும் கிராமம் ஒன்றைப் பார்க்க ஆசை. ஸ்வோலா என்ற ஊர் வழியாகப் போகும் ரயிலுக்குக் காத்திருந்தோம்.

என் கணவர் போனைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நீ பொறந்தப்ப இந்த ரயில் போற எடமெல்லாம் கடலாம்! அணை கட்டி, தண்ணிய எறச்சு, ஊரு கட்டி, அப்புறம் ட்ராக் போட்டிருக்காங்க. மொதல்ல பாதி தூரம்தானாம். ஸ்வோலா வரைக்கும் பின்னாடிதான் நீட்டிருக்காங்க."

"சும்மா கத வுடாதடா" என்றார் அத்தை.

ரயில் வந்தது, நல்ல கூட்டம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பழகிய கால் அல்லவா! "நா போயி சீட்டுப் புடிக்கறேன், நீங்க மெதுவா வாங்க" என்று சால்வையை உதறிக்கொண்டு முன்னால் ஓடி ஏறிவிட்டார். நாங்கள் சூட்கேஸ்களோடு பின்னால் ஒரு கதவில் ஏறினோம். உள்ளே நடந்து போனால் நடுவில் வழி அடைத்திருந்தது. சரி, இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம்.

ஜன்னலுக்கு வெளியே வயல், ஆடு, பள்ளிக்கூடம். இங்கே ஒரு காலத்தில் மீன் பிடித்தார்கள் என்றால் எப்படி நம்புவது? வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஸ்வோலாவைத் தாண்டியதும்தான் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். ரயிலின் முன்பாதி அங்கே கழன்று வேறு ஊருக்குப் போய்விட்டதாம்! அத்தையிடம் போன் இல்லை. பாஸ்போர்ட் என் பையில். தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. என் கணவர் குழந்தை மாதிரி அழுதே விட்டார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கியதும் இவர் போன் அடித்தது. யாரோ ஒரு டச்சுப் பெண்மணி. ஞாயிறுதோறும் கோவையிலிருந்து போட்டுப் போட்டு மனப்பாடமான மகனின் அமெரிக்க நம்பரை, அந்தப் பெண்மணியின் போனில் அத்தையே அழுத்தியிருக்கிறார்! "ஸ்வோலாவுக்கு வாருங்கள், நானே அழைத்து வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அந்தப் பெண்மணி. போகிற வேலையை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காகத் திரும்பி வருகிறார்!

நாங்கள் ஸ்வோலாவுக்குத் திரும்பிப் போய்க் காத்திருந்தோம்; அவர்கள் ஏறிய ரயில் வந்து நின்றது. ஜன்னலில் அத்தை, பக்கத்தில் நரைத்த தலையோடு அந்தப் பெண்மணி. எதிரே காலியாக இரண்டு சீட், மேலே அத்தையின் சால்வை. எங்களுக்காம்!

கட்டிக்கொண்டு அழுதேன். "பயமா இல்லையா அத்தை?"

"எதுக்குக் கண்ணு பயம்? கடலையே ஊராக்குன சனம், என்னைய உங்ககிட்டக் கொண்டாந்து சேர்க்காதா?"

இன்றும் எதையாவது பார்த்து 'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று சொல்ல வாயெடுத்தால், அந்த இரண்டு சீட்டும் சால்வையும் கண்முன் வந்து நிற்கின்றன.