நாற்காலிக்கு மாலையிட்டு இசக்கியம்மா எடுத்த படம்

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தச்சநல்லூரில் நான் வாசலில் பூக்கூடை வைத்திருக்கிற கல்யாண மண்டபமும் அந்த மாதம் பூட்டித்தான் கிடக்கும். வாசல் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகள் வாங்குகிறதுதான் வியாபாரம். போன ஆடியில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், காலை பத்து மணி இருக்கும், பூட்டிய மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் சும்மாதான் இருந்தார். எழுந்துபோய்ப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினேன்.

மணவறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஜோடியாகக் கிடந்தன. ஒன்றுக்கு வேட்டி, இன்னொன்றுக்குச் சிவப்புச் சேலை. இரண்டுக்கும் மாலை. முந்தின நாள் விற்காமல் வாடிப்போய் நான் ஓரமாகப் போட்டிருந்த மாலைகள். சேலை கட்டிய நாற்காலிக்குப் பின்னால் அரக்குப் பட்டுடுத்தி இசக்கியம்மா குனிந்து நின்று அதன் கழுத்தில் மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னளா இது?"

"போச்சு! நல்லா ஓடிக்கிட்டிருந்த படத்துல வந்து பேசிட்டியளே மதினி" என்று அவள் நிமிர்ந்தாள்.

அப்போதுதான் போனைப் பார்த்தேன். மணவறையில் வைக்கிற நிறைநாழி அரிசிக்குள் அதைச் செருகி நிமிர்த்தி வைத்திருந்தாள்.

இசக்கியம்மா அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி, பந்திப் பாத்திரம் கழுவி, மணவறைச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறவள். நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான்; அவன் வாங்கிக் கொடுத்த போன்தான் அது. ஒரு ஆள் தூக்க முடியாத சாம்பார்க் கொப்பரையைத் தனியாகச் சாய்த்து உருட்டியே கொண்டுபோவாள். கை கொடுக்கப் போனால் கோபம் வரும். எந்தக் கல்யாணத்தில் எந்தப் பெண் அழுதது, எந்தப் பந்தியில் அப்பளம் தீர்ந்தது, எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். யாராவது மாற்றிச் சொன்னால், "நான் கண்ணால பாத்தவ" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

"யார் யார் நடிக்காவ?" என்று கேட்டேன்.

"எல்லாம் நாந்தான்."

"போன் பிடிக்கது?"

"நாழி பிடிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒன்று மனசை உறுத்தியது. "ஏளா, நாற்காலிக்குத் தாலிக்கயிறு கட்டலாமா? மஞ்சள் வேண்டாம். வெறும் நூலாக் கட்டு" என்றேன். அவளும் சாமிக்குப் பயந்தவள்தான். உடனே அவிழ்த்துவிட்டு, நான் பூக்கட்டுகிற நாரை வாங்கிக் கட்டினாள்.

அவள் எடுத்துக்கொண்டிருந்தது அவள் தம்பி பேச்சிராஜின் கல்யாணத்தை. ஆறு வருஷத்துக்கு முன் இதே மண்டபத்தில், இதே மணவறையில் நடந்த கல்யாணம். எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காள் போடுவாள். இன்னொரு சகோதரி பின்னால் விளக்குப் பிடித்து நிற்பாள். அன்றைக்கு முடிச்சுப் போட்டவள் இசக்கியம்மா. விளக்குப் பிடித்தவள் அவள் தங்கை செல்வமணி, நாங்குநேரியில் வாழ்க்கைப்பட்டவள். மூன்றாவது முடிச்சு விழுந்த நேரம் விளக்கு அணைந்துவிட்டது. இசக்கியம்மா திரும்பிப் பார்த்து, சபை நிறைய ஆள் இருக்கும்போதே, "ஊதி அணச்சிட்டாளே பாவி!" என்று கத்திவிட்டாள். செல்வமணி தன் நாத்தனாரைத் தம்பிக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தாள், அது நடக்காத வயிற்றெரிச்சல் என்று அதற்கு விளக்கமும் சொன்னாள். செல்வமணி அன்றைக்கே நாங்குநேரிக்கு வண்டி ஏறியவள், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. பேச்சிராஜுக்கு மூன்று வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது, அந்தப் பழியையும் ஊர் அவள் தலையில்தான் போட்டது.

இப்போது அந்தத் தம்பியின் இரண்டு வயது மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. "ரெண்டு அத்தையும் வந்து நிக்காட்டா நான் காதே குத்தலை" என்று பேச்சிராஜ் சொல்லிவிட்டான். செல்வமணியோ, "நான் ஊதலைன்னு அக்கா ஒத்துக்கிட்டாத்தான் வருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நான் எப்படி ஒத்துக்கிட? கண்ணால பாத்தேன்லா. அதான் நடந்தத நடந்த மாதிரியே எடுத்து அவளுக்குக் காட்டப்போறேன். பாத்துட்டு அவளே சொல்லட்டும்" என்றாள் இசக்கியம்மா.

"கல்யாண வீடியோ இருக்கும்லா?"

"இருக்கு. அந்த நேரம் பூரா எங்க சித்தப்பா முதுகுதான் இருக்கு. அட்சதை போட எந்திச்சவரு உக்காரவே இல்ல."

நான் அன்றைக்குக் கல்யாணத்தில் இருந்தவள்தான். எனக்கும் அந்தச் சித்தப்பா முதுகுதான் தெரிந்தது. அதனால் உண்மையிலேயே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை வந்துவிட்டது. போனை நான் பிடிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் மதினி. நீங்க பிடிச்சா நீங்க பாத்த மாதிரில்லா இருக்கும்."

அதற்குப் பிறகு தினமும் கூடையைக் கதவோரம் நகர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் எடுப்பது இவ்வளவு வேடிக்கையா என்று இருந்தது. போனைத் தட்டிவிட்டு, தம்பி கல்யாணத்தன்றைக்குக் கட்டிய அதே அரக்குப் பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு ஓடுவாள். மூச்சு வாங்க நின்றுகொண்டு, "கெட்டி மேளம்" என்று அவளே கத்தி, வாயாலேயே மேளமும் அடிப்பாள். பிறகு உள்ளே போய்ப் பச்சைச் சேலை மாற்றி, கொண்டையைப் பிரித்துச் சடை போட்டு வருவாள். இப்போது அவள் செல்வமணி. நடை மாறிவிடும். செல்வமணி சின்ன வயதில் விழுந்ததால் ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து வைப்பாளாம். அதைக்கூட விடவில்லை. ஆறு வருஷம் பேசாத ஒருத்தியின் கால் சாய்ப்பை ஒருத்தி இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் வைத்திருப்பாளா என்று நான் வியந்தேன்.

செல்வமணிக்குப் படத்தில் ஒரே ஒரு பேச்சுதான். அன்றைக்கு அவள் சொன்னதும் அந்த ஒன்றுதான்: "நான் ஊதலைக்கா."

அதை இசக்கியம்மா எடுத்தாள், எடுத்தாள், இரண்டு நாள் எடுத்தாள். கண்ணை உருட்டிச் சொன்னாள். தலையைக் குனிந்து சொன்னாள். உதட்டைச் சுழித்துச் சொன்னாள். ஒவ்வொன்றையும் போனில் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"பொய் சொல்லுத மாதிரி வரமாட்டேங்கு மதினி. அவ சொன்ன மாதிரியே சொன்னா, நெசம் சொல்லுத மாதிரி இருக்கு. நெஞ்சறிஞ்சு பொய் சொல்லுதவ இப்படியா சொல்லுவா?"

நான் கூடையில் இருந்த மீதிப் பூவைக் கட்டினேன். எனக்கென்ன தெரியும்.

மூன்றாம் நாள்தான் விளக்கு அணைகிற கட்டம். செல்வமணி நின்ற இடத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் காமாட்சி விளக்கை ஏற்றி வைத்தாள். அதற்குப் பின்னாலேயே நிறைநாழியில் போன். முன்னால் சுடர், அதற்கப்பால் முடிச்சுப் போடுகிற இசக்கியம்மா. அவள் போட்டிருந்த கணக்கு இப்படி: முதலில் முடிச்சுப் போடுவதை எடுப்பது, பிறகு சேலை மாற்றி வந்து, செல்வமணியாக நின்று விளக்கை ஊதுவதைத் தனியாக எடுப்பது.

போனைத் தட்டினாள். ஓடினாள். மேளம் அடித்தாள். குனிந்து இரண்டு முடிச்சும் போட்டாள். நிமிர்ந்தாள். நான் விளக்கைப் பார்த்தேன், அணைந்திருந்தது.

"சவத்துக் காத்து!" என்றாள். ஆடிக்காற்று அன்றைக்கு நல்ல வீச்சுதான். எல்லா ஜன்னலையும் சாத்தினாள். கதவிடுக்கில் கோணிச்சாக்கைத் திணித்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் அணைந்தது.

"மதினி, ஃபேன் ஓடுதா?"

"கரண்டே இல்லளா."

மூன்றாம் தடவையும் அணைந்தது. முருகா, இது என்ன சோதனை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இசக்கியம்மா மூச்சு வாங்க வந்து, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கப் போனை எடுத்துப் படத்தை ஓட விட்டாள். நானும் தோளோடு தோளாக நின்று பார்த்தேன்.

படத்தில் அவள் குனிகிறாள். ஜரிகை கனம், பட்டு முந்தானை தோளிலிருந்து வழுக்கி முன்னால் விழுகிறது. இரண்டு முடிச்சும் போடுகிறாள். நிமிர்கிறபோது, வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, முந்தானையை வாரி இடது தோளுக்குமேல் பின்னால் வீசுகிறாள். அது பட்டென்று வந்து சுடரில் விழுகிறது. இருட்டு.

இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. அவள் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை, பார்க்காமலே வீசுகிறாள். அணைந்த பிறகுதான் திரும்புகிறாள்.

இசக்கியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானை நுனியை இழுத்து, விரலால் தடவித் தடவித் தேடினாள். ஜரிகைக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்குப் பழைய பொசுங்கல் ஒன்று இருந்தது.

"இஸ்திரிக்காரன் பொசுக்கிட்டான்னுல்லா அவன்கூடச் சண்டை போட்டேன்" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், "மதினி, இத அழிச்சிரட்டா? நீங்களும் நானுந்தான பாத்தோம்."

"எனக்குச் சொல்லத் தெரியலளா" என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகுமுன் பிள்ளையாரிடம் அவளுக்காக ஒரு நிமிஷம் கூட நின்றேன்.

ஐந்து நாள் அவள் மணவறைப் பக்கம் போகவில்லை. நாற்காலிகள் மாலையோடு அப்படியே கிடந்தன. ஆறாம் நாள் காலை, பட்டெல்லாம் இல்லை, சாதாரண நூல் சேலை கட்டி வந்து, "நாங்குநேரிக்குத் துணைக்கு வாரியளா?" என்று கேட்டாள்.

செல்வமணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அக்காளைக் கண்டதும் வாளியைக் கீழே வைக்கவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. என்னைப் பார்த்து மட்டும், "வாங்க மதினி" என்றாள். இசக்கியம்மா போனை நீட்டினாள்.

ஓட்டமும் வாய்மேளமும் வந்தபோது செல்வமணியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பச்சைச் சேலைக்காரி வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இது யாரு, நானா? நான் இப்படியா மூக்கால பேசுதேன்?"

"எனக்குச் சளி பிடிச்சிருந்துச்சு" என்றாள் இசக்கியம்மா.

பிறகு முடிச்சுக் கட்டம். முந்தானை. இருட்டு. செல்வமணி அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன், உன் முந்தானைன்னு. நீ சொல்ல விட்டியா? மேளக்காரன்தான் விட்டானா? பொறவு நான் என்ன சொன்னாலும் யாரு நம்புவா?"

"தப்புத்தான் தாயி. நான்தான் அணச்சேன். நீ ஊதலை."

"இத இங்கன வந்து எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? நீ என்னை வையும்போது மண்டபம் நிறைய ஆளு இருந்தாவல்லா?"

இசக்கியம்மா என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். கடைசியில், "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் பட்ட பாட்டை, கொப்பரையை உருட்டுகிறபோதுகூட நான் பார்த்ததில்லை.

ஆவணியில் காதுகுத்து எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. பேச்சிராஜுக்கு அக்காள் படம் எடுத்தது மட்டும் தெரியும், என்ன படம் என்று தெரியாது. பந்தி மண்டபத்து டிவியில் அதைப் போட்டதும் சனம் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தது. "லேய் பேச்சிராஜ், உன்னைய விட அந்த நாற்காலி லட்சணமா இருக்குவே!" என்று யாரோ கத்தினார்கள். பச்சைச் சேலைக்காரி, "நான் ஊதலைக்கா" என்று சொன்னதும் சிரிப்புப் பாதியாகக் குறைந்தது. முந்தானை விழுந்து சுடர் அணைந்தபோது சாம்பார் வாளிக்காரர்கூட நின்றுவிட்டார்.

இசக்கியம்மா டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். "எல்லாரும் பாத்துக்கிட்டீயளா? அணச்சது நான். என் தங்கச்சி இல்ல. ஆறு வருசமா நான் சொன்னது பொய்யி." அவ்வளவுதான் பேசினாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

ஒரு கிழவி செல்வமணியை இடித்து, "என்னட்டி, பேசாம இருக்க?" என்றாள்.

"ஆளு நல்லாத்தான் நடிச்சிருக்கா. ஆனா நான் இவ்வளவு குண்டு இல்ல" என்றாள் செல்வமணி.

அதற்குள் ஆசாரி நேரமாகிறது என்று கூப்பிட்டார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் இசக்கியம்மா, இன்னொரு பக்கம் செல்வமணி. நான் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றேன். கம்பி காதில் ஏறியதும் பிள்ளை வீலென்று கத்தியது.

"பையக் குத்தக் கூடாதாவே? பச்சப் பிள்ளைல்லா!" என்று இரண்டு அத்தைமாரும் ஒரே மூச்சில் ஆசாரியைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், மற்றக் காதைக் குத்துவதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.